தண்ணீர் கேட்டவர்

யோவான் எழுதின சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில், உச்சி வெயிலில் நடந்து களைத்த இயேசுநாதர், சீகார் என்னும் ஊருக்கு வெளியே யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்து, தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்காத காலம் அது. கிணறு அவருடையதன்று, மொள்ளுவதற்குப் பாத்திரமும் அவர் கையில் இல்லை, கிணறு ஆழமானது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுகிறவளும் அந்தப் பெண்தான். ஜீவத்தண்ணீரைப் பற்றிய மகத்தான உபதேசம் இவ்வளவும் ஆன பிறகே தொடங்குகிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுக்கப் புறப்படும் கிறிஸ்தவ மிஷன்கள் பெரும்பாலும் இந்த அதிகாரத்தையே தங்கள் ஊழியத்துக்கு ஆதாரமாகக் காட்டுகின்றன. அவற்றுள் சில தங்கள் பெயரையே இதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆயினும் அதன் பிற்பாதியை அவர்கள் தியானித்த அளவுக்கு முற்பாதியைத் தியானித்தார்களா என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு. கொடுக்க வந்தவர் முதலில் கேட்கிறவராக, அதுவும் தாழ்ந்தவள் என்று தம் இனத்தார் ஒதுக்கிய ஒருத்தியிடம் கேட்கிறவராக நிற்கிறாரே, அந்த நிலைக்கு நீர்தானத்தில் என்ன பொருள் என்பதே இங்கே என் விசாரம்.

மிஷனரியாகிய டேவிட் லிவிங்ஸ்டன் 1857இல் வெளியிட்ட தம் பயண நூலில், கலஹாரிப் பாலையில் வாழ்ந்த பக்கலஹாரிப் பெண்கள் தண்ணீர் எடுக்கும் விதத்தை மிகுந்த கவனத்தோடு எழுதி வைத்திருக்கிறார். இரண்டடி நீளமுள்ள நாணல் ஒன்றின் நுனியில் ஒரு கொத்துப் புல்லைக் கட்டி, கை எட்டுமளவுக்குத் தோண்டிய குழிக்குள் அதை இறக்கி, சுற்றிலும் ஈரமணலைப் போட்டு இறுகக் கெட்டிப்பார்கள். பிறகு நாணலின் மேல்முனையில் வாயை வைத்து உறிஞ்ச உறிஞ்ச, அடியிலுள்ள புல்லில் மெல்லக் கசிந்து சேரும் நீர் வாய்வரை ஏறி வரும்; அதை ஒரு துரும்பின் மேலாகச் சொட்டு சொட்டாக வழியவிட்டுத் தரையில் வைத்திருக்கும் தீக்கோழி முட்டை ஓட்டில் நிரப்புவார்கள். இருபது முப்பது ஓடுகள் நிறைந்ததும் வலைப்பையில் இட்டு முதுகில் சுமந்து வீடு சேர்வார்கள். இப்படி வாய்வாயாகச் சேர்த்த நீரைப் பகைவர் கண்ணில் படாதபடி மண்ணில் புதைத்து, அந்த இடத்தின் மேல் நெருப்பும் மூட்டிவிடுவதுண்டாம். அதிகாரத்தோடு வந்து துருவித் தேடுகிற அந்நியனுக்கு அங்கே ஒரு துளியும் அகப்படாது. நல்லெண்ணத்தோடு வந்து அமைதியாக உட்கார்ந்து காத்திருப்பவனுக்கோ பெண்களே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று லிவிங்ஸ்டன் சாட்சி சொல்லுகிறார். ஆப்பிரிக்கருக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் என்று சபைச் சரித்திரங்கள் புகழும் மனிதர்களின் வரலாறு, உண்மையில், ஆப்பிரிக்கப் பெண்கள் உறிஞ்சிச் சேர்த்த தண்ணீரை அவர்கள் உட்கார்ந்து காத்திருந்து குடித்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்கவில்லை என்பதே குறை. லண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் மொஃபாட் 1820களில் தென்னாப்பிரிக்காவின் குருமன் நதிக்கரையில் பட்லாபிங் மக்களிடையே குடியேறியபோது, நீண்ட வாய்க்கால் ஒன்று மிஷன் தோட்டத்துக்கு நீர் கொண்டுவந்தது. அந்த மக்களிடையே பயிர்த்தொழில் பெண்களுடையது. அவர்கள் வாய்க்காலை வெட்டித் தங்கள் கொல்லைகளுக்கு நீரைத் திருப்பினார்கள். மிஷனரிகள் வெயிலில் மண்வெட்டியோடு மைல்கணக்கில் நடந்து போய் அதை அடைத்துவிட்டு வந்தார்கள். திரும்பி வருவதற்குள் மறுபடியும் வெட்டப்பட்டிருக்கும். இது குறித்து முறையிட்டபோது, கோபங்கொண்ட பெண்கள் தங்கள் தோண்டுகருவிகளை எடுத்துக்கொண்டு மேலணைக்குச் சென்று அதையே தகர்த்து, நதியைப் பழைய படுகையில் ஓடவிட்டார்கள். மொஃபாட் இதைத் தாம் பட்ட சோதனைகளில் ஒன்றாக எழுதுகிறார். எனக்கோ, அது தங்கள் நதி என்பதை அந்தப் பெண்கள் செய்கையால் சொன்னதாகவே படுகிறது.

மழை பொய்த்த அந்நாளில், தொலைதூரத்திலிருந்து பேர்பெற்ற மழைமந்திரவாதி ஒருவனைப் பட்லாபிங் மக்கள் வரவழைத்தார்கள். அவன் செய்த முயற்சிகள் பலிக்காமற்போகவே, பழி மிஷன் கோயிலின் மணியோசையின்மேல் விழுந்தது, மிஷனரிகளின்மேலும் விழுந்தது, கடைசியில் அவன்மேலேயே திரும்பி, ஜனங்கள் அவனைக் கொன்றுவிடத் துணிந்தார்கள். தம்முடைய ஊழியத்துக்கு நேர் பகைவனான அவனுடைய உயிருக்காக மொஃபாட் மன்றாடி, அவனைக் காப்பாற்றி அனுப்பினார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த பிரசங்கங்களுள் இதற்கு மேலானது இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மொஃபாட்டின் மருமகனாகிய லிவிங்ஸ்டன் 1847இல் இன்றைய போட்ஸ்வானாவிலுள்ள கொலொபெங் நதிக்கரைக்குப் பக்வேனா மக்களோடு இடம்பெயர்ந்தார். வற்றாத நதியொன்றைத் தேடி, அணைகட்டி, வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்வதே வறட்சிக்கு மருந்து என்று அவர்களுடைய தலைவர் சேச்சலேவுக்கு எடுத்துச் சொல்லி அழைத்துச் சென்றவர் அவரே. முதல் ஆண்டு வாய்க்கால் ஓடியது. அதற்குப்பின் மழை இல்லை, நதி வற்றியது, மீன்கள் செத்து மிதந்தன. நண்பகலில் மூன்றங்குல ஆழத்தில் மண்ணுக்குள் வெப்பமானியைப் புதைத்துப் பார்த்தபோது அது 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டியதாகவும், மண்மேல் விடப்பட்ட வண்டுகள் சற்று நேரத்தில் ஓடி ஓடி மாண்டதாகவும், மாதக்கணக்கில் வெளியே கிடந்த ஊசிகள் துருப்பிடிக்கவில்லை என்றும் அவர் குறித்து வைத்தார். சேச்சலே ஞானஸ்நானம் பெற்றது 1848இல். அதற்குமுன் அவரே பேர்பெற்ற மழைவைத்தியர். அவர் அந்த வித்தையைக் கைவிட்டதற்கும் வானம் பொய்த்ததற்கும் முடிச்சுப் போட்ட ஜனங்கள், லிவிங்ஸ்டனைத் தங்களில் ஒருவராக நேசித்தபோதிலும், இந்த ஓயாத ஜெபத்தையும் பிரசங்கத்தையும் மாத்திரம் அவர் விட்டுவிடக் கூடாதா என்று வருந்திக் கேட்டார்கள். ஜெபமே செய்யாத அண்டை ஊர்களில் மழை பெய்கிறதே என்றும் சொன்னார்கள்.

இந்தச் சூழ்நிலையில் தமக்கும் ஒரு மழைவைத்தியனுக்கும் நடந்த வாதத்தை லிவிங்ஸ்டன் அப்படியே எழுதியிருப்பது அவருடைய நேர்மைக்கு அழியாத அத்தாட்சி. ஏனெனில், அந்த வாதத்தில் அவர் ஜெயித்ததாகத் தெரியவில்லை. நீரும் மருந்து கொடுக்கிறீர். நோயாளி பிழைத்தால் மருந்தின் குணம் என்கிறீர், இறந்தால் தேவ சித்தம் என்கிறீர். நானும் மழைக்கு மருந்து செய்கிறேன், பெய்தால் மருந்தின் குணம், பெய்யாவிட்டால் அவர் சித்தம். உமக்கும் எனக்கும் வித்தியாசம் என்ன என்பது அந்த வைத்தியன் எழுப்பிய நியாயத்தின் சாரம். தம்மால் அவர்களில் ஒருவனுக்கும் அந்த நியாயம் பொய் என்று உணர்த்த முடியவில்லை என்பதையும் லிவிங்ஸ்டன் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகிறார்.

அவரால் ஏன் முடியவில்லை என்று யோசித்துப் பார்த்தால், இருவரும் ஒரே தளத்தில் நின்று வாதாடியதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மழைவைத்தியன் வானத்து நீரைத் தன் தெய்வத்தின் சாமர்த்தியத்துக்கு அத்தாட்சியாக வைத்தான். மிஷனரி வாய்க்கால் நீரைத் தம் தேவனுடைய அறிவொளிக்கு அத்தாட்சியாக வைத்தார். வாய்க்கால் ஓடிய வருஷம் மிஷனரிக்கு ஜெயம். நதி வற்றிய வருஷம் அதே தராசில் அவருக்குத் தோல்வி. இத்தனைக்கும், நல்லவன் நிலம் தீயவன் நிலம் என்று பாராமல் இருவர் வயலிலும் பெய்யும் மழையையே பரமபிதாவின் சுபாவத்துக்கு உதாரணமாக மலைப்பிரசங்கத்தில் இயேசு எடுத்துக் காட்டினார். அந்த வசனத்தை மெய்யாக நம்புகிறவன் தண்ணீரைக் கொண்டு தன் மதத்தின் உண்மையை நிரூபிக்கப் புறப்படவே முடியாது. யாருடைய விசுவாசத்துக்கும் சம்பளமாக வராதது என்பதுதான் அங்கே மழைக்குரிய பெருமை.

சேச்சலேவைப் பற்றி இன்னொரு செய்தியையும் லிவிங்ஸ்டன் சொல்லுகிறார். வேதத்தைத் தாமே ஆர்வத்தோடு கற்று, தம் ஜனங்கள் அதைப் பொருட்படுத்தாமலிருப்பதைக் கண்டு வருந்திய அந்தத் தலைவர், வெறும் பேச்சினால் இவர்கள் விசுவாசிப்பார்கள் என்று நினைக்கிறீரா, நீர் சம்மதித்தால் என் தலையாட்களை அழைத்து, காண்டாமிருகத் தோலில் முறுக்கிய சவுக்குகளைக் கொண்டு எல்லாரையும் விசுவாசிக்கச் செய்துவிடுகிறேன் என்றாராம். லிவிங்ஸ்டன் அந்த வழியில் போகவில்லை. சவுக்கால் வரும் விசுவாசம் விசுவாசமன்று என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் தாகத்தால் வரும் விசுவாசத்தைப் பற்றி என்ன சொல்வது? சவுக்கின் முன் நிற்பவனுக்காவது தன்னை ஒருவன் வற்புறுத்துகிறான் என்பது தெரியும். நாலு மைல் நடந்து சேற்றுக்குட்டையில் மொண்டு, அதைக் குடித்த குழந்தைக்குக் கழிச்சல் கண்டு, மறுநாளும் அதே குட்டைக்கே போக வேண்டிய தாயிடம், இதோ உன் ஊருக்கு ஒரு குழாய்க்கிணறு, கூடவே ஞாயிறுதோறும் ஓர் ஆராதனை என்று சொல்லும்போது, அவளுடைய சம்மதத்தில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு அவள் தாகத்தினுடையது என்று பிரித்துச் சொல்ல யாரால் இயலும்? தண்ணீர்ப்பந்தல் வைக்கிறவன் குடிக்க வருகிறவனின் குலங்கோத்திரம் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் பந்தலுக்குத் தர்மம் என்ற பெயர் நிலைக்காது.

இதனால், தண்ணீர் கொடுக்கும் மிஷன் தன் நம்பிக்கையை மூடி மறைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களுக்கு ஆப்பிரிக்கச் சபை ஒன்றே 1972இல் தக்க விடை கொடுத்திருக்கிறது. எத்தியோப்பியாவின் மெக்கானே இயேசுஸ் சபை, அதன் பொதுச் செயலாளரான குதினா தும்சாவின் காலத்தில், உலக லுத்தரன் சம்மேளனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மேல்நாட்டுச் சபைகளும் நிதி நிறுவனங்களும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாராளமாகப் பணம் தருகின்றன. சுவிசேஷ ஊழியத்துக்கும் போதகர் பயிற்சிக்கும் கேட்டால் கையை இழுத்துக்கொள்ளுகின்றன. மனிதனைச் சரீரம் வேறு ஆத்துமா வேறு என்று கூறுபோட்டு, எந்தக் கூறுக்கு என்ன வேண்டும் என்பதையும் கொடுக்கிறவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது அக்கடிதத்தின் வேதனை. மனிதன் முழுமையானவன், அவனுடைய உள்வளர்ச்சியின்றிப் புறவளர்ச்சி நிலைக்காது என்று அச்சபை வாதாடியது. பின்னாளில் ராணுவ ஆட்சி குதினா தும்சாவை 1979இல் கொன்றது. தம் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த அந்த மனிதரிடம் போய், தண்ணீரை மட்டும் கொடு, தேவனைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; நியாயமும் இல்லை.

ஆகவே கேள்வி, பேசலாமா கூடாதா என்பதிலிருந்து நகர்ந்துவிடுகிறது. மெக்கானே இயேசுஸ் சபையின் கடிதத்தை எழுதியவர்கள் தங்கள் ஊரில், தங்கள் மொழியில், தங்கள் தாகத்தோடு இருந்துகொண்டு பேசினவர்கள். அவர்கள் கேட்டது, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லும் உரிமை. நாணலை ஊன்றிய பெண்ணும், அணையை உடைத்த பெண்களும், பாத்திரத்தோடு நின்ற சமாரியப் பெண்ணும் ஏற்கெனவே வைத்திருந்த உரிமையும் அதுவே. அந்த உரிமை பங்கப்படாமல் தண்ணீர் கைமாறுமானால், அதன் பக்கத்தில் சொல்லப்படும் எந்தச் செய்தியையும் கேட்கிறவன் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்த பின்பும் மறுநாள் காலையில் குடத்தோடு அதே இடத்துக்கு முகம் கோணாமல் வரலாம். இந்தச் சுதந்தரம் மிகச் சின்ன விஷயங்களில்தான் நிற்கும் அல்லது விழும். குழாய் கோயில் வளாகத்துக்குள் இருக்கிறதா, ஊர்ப்பொதுவில் இருக்கிறதா என்பது ஒன்று. பாறைப் பிளவு எங்கே நீர் தருகிறதோ அங்கேதான் துளையிட முடியும் என்பது உண்மையே. ஆனால் இரண்டு இடத்தில் நீர் உண்டென்று தெரிந்தும் கோயில் வாசலைத் தேர்ந்தெடுப்பது வேறு. முஸ்லிம் பெண்ணும், முன்னோர் வழிபாட்டை விடாத கிழவியும் நாள்தோறும் இருமுறை அந்த வாசலை மிதித்தே தீர வேண்டும் என்றால், அது சேச்சலேவின் யோசனைக்கு வெகுதூரத்தில் இல்லை.

கைமாறும் தானத்துக்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் ஒரு கைப்பம்பு. 1960களில் வறட்சியால் வாடிய மகாராஷ்டிரத்தில், ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணறு தோண்டும் பணியில் இருந்த கிறிஸ்தவ மிஷன்கள், ஒரு குடும்பத்துக்கென்று வார்த்த மேல்நாட்டு இரும்புப் பம்புகள் ஊர் முழுவதும் மாறிமாறி அடிக்கும்போது சில மாதங்களில் முறிந்துபோவதைக் கண்டார்கள். அங்கே இருந்த மிஷன் பட்டறைகளில், பல மூட்டுகள் கொண்ட கைப்பிடிக்குப் பதிலாக ஒரே அச்சில் ஆடும் எஃகுக் கைப்பிடியும், அதிலிருந்து தொங்கி உந்துகோலை நேராகத் தூக்கும் சங்கிலியும் கொண்ட உறுதியான பம்பு உருவானது. யூனிசெஃப் நிறுவனம் அந்த அமைப்பைக் கையிலெடுத்து, சென்னையில் அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸில் செம்மைப்படுத்தி, கோயம்புத்தூர் வட்டாரத்து ஆழ்கிணறுகளில் சோதித்துப் பார்த்தது. 1970களின் இறுதியில் பெருமளவில் உற்பத்தியான அந்த இந்தியா மார்க் 2 பம்புதான் உகாண்டாவிலும் கானாவிலும் சாம்பியாவிலும் இன்றும் கிராமத்து மைதானங்களில் நிற்கிறது. உகாண்டாவில் அதற்கு யு-2 என்று பெயரே மாறிவிட்டது. அந்த அமைப்புக்கு யாரும் காப்புரிமை கொண்டாடவில்லை; விரும்பிய பட்டறை செய்துகொள்ளலாம். கம்பாலாவுக்கு வடக்கே குடம் நிரப்பும் பெண்ணுக்கு ஜால்னா என்ற ஊர் இருப்பதே தெரியாது. அதை முதலில் செய்தவர்களின் விசுவாசம் அவளிடம் எதையும் கேட்காமலே அவள் குடத்தை நிரப்புகிறது.

அந்தப் பம்பே பழுதாகி நிற்கும்போதுதான் தானத்தின் மறுபக்கம் தெரியவருகிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் நட்ட கைப்பம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை வேலை செய்யாமல் கிடந்தன என்று கிராம நீர்வழங்கல் வலையமைப்பு 2009இல் கணக்கிட்டது. காரணம் பெரும்பாலும் அற்பமானது. உருளைக்குள் ஏறி இறங்கும் வாஷர் தேய்ந்திருக்கும். ஆனால் அதை மாற்ற வேண்டுமானால் முப்பது நாற்பது மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். அதற்கு முக்காலியும் கயிறும் நாலைந்து பேரும், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவனும் வேண்டும். வாஷர் கிடைக்கும் கடை அறுபது மைலுக்கு அப்பால் இருக்கும். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் குழாய் துருவேறி, தண்ணீர் செங்காவியாக வரும்; துணி கறைபடுகிறது, சோறு நிறம் மாறுகிறது என்று பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். பம்பின் மேடையில் மட்டும் கொடையாளியின் பெயரும் ஆண்டும் பதித்த பலகை தெளிவாக இருக்கும். அது நட்ட அன்று எடுத்த படம் கடல்கடந்த சபையொன்றின் சுவரில் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் படத்தை வைத்து நன்றி செலுத்தியவர்களின் பக்தியில் எனக்கு ஐயமில்லை. கொடுத்த கணத்தோடு தங்கள் கடமை தீர்ந்தது என்று அவர்களை நம்பச் செய்தது எதுவோ, அதன்மேல்தான் எனக்கு வருத்தம்.

வேறு வழி இல்லாமலில்லை. கென்யாவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் தோண்டும் ஆழ்கிணறுகளில், கண்ணுக்குத் தெளிந்த நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்திருக்கிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு மிஞ்சி அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறுகின்றன, மிகுதியானால் எலும்புகள் கோணுகின்றன. சுத்தமென்று நம்பிக் கொடுத்த தண்ணீரே மெல்ல ஊனப்படுத்துகிறது என்றால் கொடுத்தவனுக்கு அதைவிடக் கசப்பான செய்தி இருக்க முடியாது. அங்கே நக்குரு கத்தோலிக்க மறைமாவட்டம் 1990களின் இறுதியிலிருந்து ஒரு பரிசோதனைக்கூடமும் பட்டறையும் நடத்திவருகிறது. மாட்டெலும்புகளைச் சூளையில் கருக்கி, நொறுக்கிச் சலித்து, வடிகட்டிகளில் நிரப்பினால், அந்தக் கரி ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளுகிறது. கரி சில காலத்தில் சக்தி இழந்துவிடும். யாராவது திரும்பத் திரும்பப் போய் நீரைச் சோதித்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். எலும்பு என்றவுடன் சில சமயத்தார் மனம் கூசும் என்பதால், அவர்களிடம் உட்கார்ந்து பேசவும் வேண்டியிருக்கும். அவர்கள் வேண்டாமென்றால் வேறு உபாயம் தேடவும் வேண்டும். இந்த ஊழியத்தில் திறப்பு விழாவுக்கு உரிய நாள் ஒன்றும் இல்லை. இருந்தும், பிரசங்கம் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருளில், ஒவ்வொரு முறை கரி மாற்றும்போதும் அங்கே ஒரு பிரசங்கம் நடக்கிறது.

ஆதலால் கிணற்றுக்கென்று காணிக்கை எடுக்கும் சபைகளிடம் ஒன்றைத் தாழ்மையாகக் கேட்டுக்கொள்ளுகிறேன். அடுத்த முறை பணம் திரட்டும்போது, புதிய துளைக்கு இவ்வளவு என்று அறிவிப்பதோடு நில்லாமல், பத்து ஆண்டுக்கு முன் தாங்களே நட்ட பம்புகளின் வாஷருக்கும், துருவேறாத குழாய்க்கும், அந்த வட்டாரத்திலேயே ஒருவனோ ஒருத்தியோ மெக்கானிக்காகப் பயில்வதற்கும் இவ்வளவு என்று வெளிப்படையாக அறிவிக்கட்டும். அந்தப் பணத்தைச் செலவிடும் பொறுப்பை ஊர்த் தண்ணீர்க் குழுவின் பொருளாளரான பெண்ணிடம், அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறாள், போகிறாளா இல்லையா என்று விசாரிக்காமல் ஒப்படைக்கட்டும். கணக்குக் கேட்கலாம், கேட்பது அவளுக்கும் பாதுகாப்பு. ஆனால் அதற்கு முன்னால் யாராவது அந்த ஊருக்குப் போய், அவள் இப்போது எங்கிருந்து தண்ணீர் மொள்ளுகிறாள் என்று கேட்டு, அவள் கொடுப்பதைக் குடித்துவிட்டு வரட்டும்.